சிரிப்பு யார் கையில்?

பார்ட் சிம்ப்சனுக்குப் பத்து வயது. 1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' தனித் தொடராக வந்த நாள்முதல் இன்றுவரை அதே பத்து வயது. அவனுக்குக் குரல் உடைந்ததே இல்லை. அந்தக் குரல் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்ணுடையது. நம் பிள்ளைகள் நன்றாக அறிந்த ஷின்-சானுக்கு ஜப்பானிய மூலத்தில் 2018 வரை பேசியவரும் அகிகோ யாஜிமா என்ற பெண்மணிதான். கார்ட்டூன் உலகில் இது சாதாரண வழக்கம். பார்ப்பவர் யாரும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் முசிறியில் சாயங்கால வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் டப்பிங் கார்ட்டூனின் சத்தம் வாசல்வரை கேட்கும். அதே தெருவில் பதினாறு வயதாகியும் குரல் கனக்காத ஒரு பையன் பால் வாங்கப் போனால், அவன் பேசுவதைப் பேசிக்காட்டிக் கேலி செய்யச் சைக்கிளில் இரண்டு பேர் வந்துவிடுவார்கள்.

திரையில் நாம் கேள்வியின்றி ஏற்பது தெருவில் ஏன் குற்றமாகிறது? பல்கலைக்கழகங்களில் குயர் கோட்பாடு என்று அழைக்கப்படும் சிந்தனைப் போக்கின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். ஜூடித் பட்லர் 1990இல் வெளியிட்ட 'ஜெண்டர் டிரபிள்' நூலின் வாதத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ஆண்மையும் பெண்மையும் உடம்புக்குள் முன்கூட்டியே உறைந்து கிடப்பவை அல்ல, நடை, குரல், உடை, கைவீச்சு என நாள்தோறும் செய்துசெய்து நாம் நிலைநாட்டுபவை. செய்து நிலைநாட்டுவதால்தான் அவற்றுக்கு இவ்வளவு காவல் தேவைப்படுகிறது. தவறி நடப்பவனைக் கேலி செய்வது அந்தக் காவலின் முதல் வேலை.

அனிமேஷனில் இந்த வாதம் கண்ணுக்கு நேராக நடக்கிறது. அங்கே உடம்பு என்பது ஒரு கோடு. குரல் வேறொருவருடையது. பக்ஸ் பன்னி என்ற முயல் பாவாடையும் உதட்டுச்சாயமும் அணிந்து, துப்பாக்கியோடு துரத்தி வரும் எல்மர் ஃபட்டை மயக்கி ஏமாற்றுவதை 1950களின் வார்னர் பிரதர்ஸ் குறும்படங்களில் பார்க்கலாம். அந்த வேடத்துக்காக முயல் அவமானப்படுவதில்லை. ஏமாந்து நிற்பவன் வேட்டைக்காரன்.

இதெல்லாம் நமக்கு அயலான கலை என்று நினைக்க வேண்டியதில்லை. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து, துளையிட்டு, சாயமேற்றி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டும் தோல்பாவைக்கூத்து தமிழ்நாட்டின் பழைய அனிமேஷன். ராமனுக்கும் சீதைக்கும் ராவணனுக்கும் சூர்ப்பணகைக்கும் பெரும்பாலும் பாவையாட்டும் ஒரே ஆள்தான் பேசுவார். அவர் தொண்டையிலிருந்து சீதையின் அழுகை வரும்போது கூடியிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து உள்ளூர்ச் சங்கதிகளைப் பேசிச் சிரிக்க வைப்பார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன், ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் என்று இந்த மரபு நீள்கிறது. ராஜாவை ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்கும் உரிமை கோமாளிக்கு உண்டு என்பது நம் மேடையின் அறம். அந்தக் கோமாளிகள் பெண்களையும் எளிய சாதியாரையும் கேலி பேசியதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே நையாண்டியை மதிப்பிட ஒரே கேள்வி போதும். சிரிப்பு யார்மேல் விழுகிறது?

*

1997 பிப்ரவரி 16 அன்று 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 'ஹோமர்ஸ் ஃபோபியா' என்ற அத்தியாயம் ஒளிபரப்பானது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஜான் என்பவர் சிம்ப்சன் குடும்பத்துக்கு நண்பராகிறார். அவருக்குக் குரல் கொடுத்தவர் திரைப்பட இயக்குநர் ஜான் வாட்டர்ஸ். தன்பாலீர்ப்பாளராக வெளிப்படையாக வாழ்பவர். குடும்பத் தலைவன் ஹோமருக்கு ஜானை மிகவும் பிடித்துப்போகிறது. ஜான் தன்பாலீர்ப்பாளர் என்று மனைவி மார்ஜ் எடுத்துச் சொன்ன நொடியில் எல்லாம் தலைகீழாகிறது. ஜானோடு பழகினால் மகன் பார்ட்டும் அப்படி ஆகிவிடுவான் என்று ஹோமர் நடுங்குகிறான்.

அதன்பின் ஹோமர் செய்பவற்றை வரிசையாகப் பார்த்தால் ஆண்மை என்று நாம் வழங்கும் சரக்கின் முழுப் பட்டியலும் கிடைத்துவிடும். பெண்கள் படம் போட்ட சிகரெட் விளம்பரப் பலகைக்கு எதிரே மகனை மணிக்கணக்கில் உட்கார வைக்கிறான். உழைக்கும் ஆண்களைக் காட்டுகிறேன் என்று இரும்பு ஆலைக்குக் கூட்டிப்போகிறான். அங்கே வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் தன்பாலீர்ப்பாளர்கள், இடைவேளையில் ஆலையே நடனக்கூடமாகிவிடுகிறது. கடைசியில் துப்பாக்கியைக் கொடுத்து மகனை மான் வேட்டைக்கு இழுத்துப்போகிறான். மான் அகப்படவில்லை என்றதும் அடைத்து வைத்திருக்கும் கலைமான்களைச் சுடச் சொல்கிறான். மான்கள் அவன்மேலேயே பாய்கின்றன. அப்போது வந்து காப்பாற்றுபவர் ஜான்.

இந்த அத்தியாயத்தில் ஒரு இடத்தில்கூட நாம் ஜானைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஜானோடு சேர்ந்து சிரிக்கிறோம், ஹோமரின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். பார்ட் எப்படிப்பட்டவன் என்பதற்குக் கதை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அப்பாவின் பயம்தான் அங்கே விசாரணைக்கு வந்தது. தொலைக்காட்சி நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவு தொடக்கத்தில் இந்தக் கதைப்பொருளையே மறுத்தது. ஒளிபரப்பான பிறகு அந்த ஆண்டின் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி விருது இதற்குக் கிடைத்தது.

ஆனாலும் இந்த அத்தியாயத்தை நான் பெரிதாக மதிப்பது அதன் முடிவுக்காக. தன் உயிரைக் காப்பாற்றிய பிறகுதான் ஹோமர் ஜானை மதிக்கிறான். ஜான் அதைக் கண்டும் காணாமல் விடவில்லை. எங்களில் ஒவ்வொருவரும் உன் உயிரைக் காப்பாற்றினால் உன் மரியாதை எங்கள் அனைவருக்கும் கிடைத்துவிடும் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். சகிப்புத்தன்மைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் எப்போதும் சகிக்கப்படுபவர்தான் என்பதைச் சிரித்துக்கொண்டே உடைத்துச் சொன்ன இடம் அது.

அதே விலையை நம் திரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' பலரை உலுக்கிய படம். உலுக்க வேண்டிய படமும்கூட. அதில் திருநங்கையான சத்தார் தன் பாலின மாற்று அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தை, தான் நேசித்தவனும் தன் சகோதரியும் சேர்ந்து வாழக் கொடுத்துவிட்டு, ஊரின் வன்மத்துக்கு உயிரையும் கொடுக்கிறார். நாம் அழுகிறோம். அந்த அழுகையை நான் மதிக்கிறேன். ஆனால் தியாகம் செய்யாத, யாரையும் காப்பாற்றாத, சாகாத ஒரு திருநங்கையை, வாடகை கட்டிக்கொண்டு எரிச்சலோடும் ஆசையோடும் சும்மா வாழ்கிறவரை, எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்?

*

இந்த விலை சகிப்பின் முதல் எல்லை என்றால், இரண்டாவது எல்லை வீட்டு வாசற்படி. 2005இல் வந்த இன்னொரு சிம்ப்சன்ஸ் அத்தியாயத்தில், சுற்றுலா வருமானத்துக்காக ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர் தன்பால் திருமணத்தை அனுமதிக்கிறது. ஊரில் மார்ஜைப் போல அதை ஆதரித்துப் பேசியவர் இல்லை. ஆனால் பாட்டி (Patty) என்ற பெயர்கொண்ட அவளுடைய அக்கா, தான் ஒரு பெண்ணை மணக்கப்போவதாகச் சொன்னதும் மார்ஜின் முகம் கறுத்துவிடுகிறது. ஊருக்கு நியாயம் பேசியவள் வீட்டுக்குள் தடுமாறுகிறாள். (பாட்டி மணக்கவிருந்தவர் உண்மையில் ஒரு ஆண் என்று கதையை முடித்தது அந்த அத்தியாயத்தின் பெருங்குறை. பெண் வேடத்துக்குள் ஆண் ஒளிந்திருக்கிறான் என்ற பழைய பயத்தையே அது தீனி போட்டு வளர்த்தது.)

மார்ஜின் தடுமாற்றம் நமக்குப் புதிதல்ல. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதி இருக்கிறது. பிரசவ வேதனையில் தவித்த பெண்ணுக்குத் துணையாக ஈசன் அவள் தாயின் உருவில் வந்தார் என்பது தலபுராணம். ஸ்ரீரங்கத்தில் பகல்பத்தின் நிறைநாளில் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளும்போது கூட்டம் கண்ணீர் மல்க நிற்கிறது. இதைச் சொல்லி நம் மரபு எல்லாரையும் அணைத்தது என்று மகிழ்ந்துவிடுவது சுலபம். சந்நிதியில் கும்பிட்டுத் திரும்பும் கைதான் வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கும் மகனை அறைகிறது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்ல, "குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். திருச்சியிலிருந்து முசிறி வரும் சாலையில் இருக்கிறது குணசீலம். மனநலம் குன்றியவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம் தங்கவைக்கும் பெருமாள் கோயில். நோயுற்றவர்களுக்கு அந்த ஊர் தரும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பதாகச் சொன்னாலும் அதே வாக்கியம்தான் வாயில் வருகிறது என்றால், அன்பை நோய்க் கணக்கில் எழுதிவிட்டோம் என்று பொருள்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை அந்தக் கணக்கைத்தான் திருத்தியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கு அது. இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர் ஆணை எழுதினார். பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்று நடத்தப்படும் சிகிச்சைகளைத் தடைசெய்தார். அதே வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையரை, அதாவது குயர் மக்களை, கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. செய்தித்தாள்களின் நடை அதன்பின் ஓரளவு மாறியிருக்கிறது. நகைச்சுவைக் காட்சிகளுக்கு அந்தப் பட்டியல் இன்னும் போய்ச் சேரவில்லை.

*

முசிறி கைகாட்டிப் பக்கம் ஒரு சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். சுவரில் டிவி, நகைச்சுவைச் சேனல். பழைய படத்தின் காட்சி ஒன்று ஓடுகிறது. கதாநாயகனின் நண்பனிடம் ஒருவர் வளைந்து குழைந்து வந்து பேசுகிறார், நண்பன் அலறி ஓடுகிறான், பின்னணியில் அதற்கென்றே ஒரு இசை. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் திரும்பி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம், "என்னா தம்பி, ஒங்காளு வந்துட்டாப்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைக்காரர் மட்டும், "விடுங்கண்ணே" என்று சொல்லிச் சேனலை மாற்றினார்.

அந்தக் காட்சியை எழுதியவர் இந்தப் பையனை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் படம் திரையரங்கை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆன பிறகும், நாள் முழுக்க ஓடும் சேனல்கள் வழியாகவும் கைபேசியில் சுற்றும் துண்டுக் காட்சிகள் வழியாகவும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. யாரைப் பார்த்து, எந்தச் சொல்லால், எந்த இசையோடு சிரிக்க வேண்டும் என்று ஊருக்குப் பாடம் எடுக்கிறது. 'ஒன்பது' என்ற எண் பள்ளிக்கூட வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறது என்றால், அதில் சினிமா நகைச்சுவைக்குப் பெரும்பங்கு உண்டு. ரியாலிட்டி ஷோ மேடைகளில் ஸ்கிட் நன்றாகப் போகாவிட்டால் ஒரு லேடி கெட்டப்பை இறக்கிவிடுவது கைகண்ட வைத்தியமாகவே ஆகிவிட்டது.

இதைக் கேட்டால் கலைஞர்களிடமிருந்து ஒரு பதில் வரும்: "எல்லாரையும்தானே கலாய்க்கிறோம்." 'சௌத் பார்க்' தொடரை ஆதரிப்பவர்களின் வாதமும் இதுவே. 1997இல் தொடங்கிய அந்தத் தொடர் யாரையும் விடுவதில்லை. முதல் ஆண்டிலேயே ஒரு சிறுவன் தன் நாய் தன்பாலீர்ப்பு கொண்டது என்று வருந்தி, அதைத் திருத்த முயன்று, கடைசியில் அன்பைக் கற்றுக்கொள்ளும் கதையைச் சொன்னது. 2002இல் வந்த 'டெத் கேம்ப் ஆஃப் டாலரன்ஸ்' என்ற அத்தியாயம் பிள்ளைகளை முகாமில் அடைத்துச் சகிப்புத்தன்மையை அடித்துப் புகட்டும் அபத்தத்தைக் காட்டியது; ஒருவரைச் சகிப்பதும் அவரை விரும்பி ஏற்பதும் வேறுவேறு என்று யோசிக்க வைத்தது. அதே தொடர் 2005இல் பாலின மாற்று அறுவைச் சிகிச்சையைக் கதையாக எடுத்தபோது மாற்றுப்பாலினத்தவரின் வாழ்வையே கேலிக்கூத்தாக்கியது. ஒரே எழுத்தாளர்கள், ஒரே துணிச்சல். நாயின் கதையில் சிரிப்பு ஊரின் பயத்தின்மேல் விழுந்தது, அறுவைச் சிகிச்சைக் கதையில் ஏற்கெனவே அடிபட்டவர்மேல் விழுந்தது. எல்லாரையும் ஒரேபோல் அடிப்பது சமத்துவம் ஆகாது. மந்திரியைக் கேலி செய்தால் அவர் காரில் ஏறிப் போய்விடுவார். கேலி செய்யப்பட்ட திருநங்கை அன்று இரவு அதே டவுன் பஸ்ஸில், அந்தக் காட்சியைப் பார்த்தவர்களோடுதான் ஊர் திரும்ப வேண்டும்.

கேலி செய்யாமல், பேசாமலே விட்டுவிடுவதும் தீர்வாகாது. சிம்ப்சன்ஸில் அணுமின் நிலைய முதலாளியின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் தன் முதலாளியைக் காதலிப்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது வெளிப்படையாகச் சொல்லப்படாமலே நகைச்சுவையாக ஓடியது. 2016இல்தான் அவர் தன்னை வெளிப்படுத்தும் அத்தியாயம் வந்தது. எழுதியவர் ராப் லாஸெப்னிக். தன்பாலீர்ப்பாளரான தன் மகனை மனத்தில் வைத்து எழுதினார். ஈவ் செட்ஜ்விக் 1990இல் எழுதிய 'எபிஸ்டமாலஜி ஆஃப் தி குளோசட்' இந்த ஊரறிந்த ரகசியத்தைப் பற்றியதே. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் மட்டுமே குற்றம். சிற்றூர்கள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. கல்யாணமே செய்துகொள்ளாத சித்தப்பா, ஒரே வீட்டில் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு டீச்சரம்மாக்கள் என்று ஒவ்வொரு ஊரும் சிலரை அறிந்துவைத்திருக்கிறது. வாய் திறக்காதவரை அவர்களுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை நான் இழிவாகப் பேசவில்லை, அதன் நிழலில் எத்தனையோ பேர் வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். ஆனால் வாய்மூடியிருப்பதற்கான கூலியாக வருவதை மரியாதை என்று எவ்வளவு காலம் அழைப்பது?

*

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் தன்பால் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருநங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்ய மறுக்கக் கூடாது என்றார். 2023 அக்டோபரில் தன்பால் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் சட்ட ஏற்பு அளிக்க மறுத்துவிட்டது. சட்டம் இப்படி முன்னும் பின்னுமாக நகர்கிறது. சட்டம் செய்யக்கூடியது காவல்நிலையத்தில் ஒருவரை அடிக்காமல் தடுப்பது. சலூன் பெஞ்சில் எழும் சிரிப்பை அதனால் திருப்ப முடியாது. அதைக் கலைதான் திருப்ப வேண்டும்.

அது முடியும் என்பதற்கு நம்மிடமே சான்றுகள் உண்டு. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' என்ற நிகழ்ச்சியை ஒரு திருநங்கை தொகுத்து வழங்கினார். கேள்வி கேட்கும் நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது, அதுவரை ஊர் கேட்ட கேள்விகள் திசை மாறின. திருச்சியில் பிறந்து வளர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யா 2007இல் 'நான், வித்யா'வை எழுதினார். தன் பெயரிலேயே சிரிப்பை வைத்துக்கொண்ட அவர், பிறகு நண்பர்களோடு 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கி, மாற்றுப்பாலினத்தவரின் வாழ்வை அவர்களே நடித்துக் காட்டும் நாடகங்களில் மேடையேறினார். அனிமேஷனிலும் அப்படி ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஹாலிவுட்டை நையாண்டி செய்த 'போஜாக் ஹார்ஸ்மேன்' தொடரில் டாட் என்ற இளைஞன் பாலீர்ப்பு அற்றவன் என்று தன்னைக் கண்டுகொள்கிறான். தொடர் முழுக்க நம்மைச் சிரிக்க வைப்பவன் அவன். ஆனால் அவனுடைய அந்த அடையாளம் ஒருமுறைகூடச் சிரிப்புக்குப் பொருளாவதில்லை. அவனுடைய கிறுக்குத்தனமான தொழில் திட்டங்கள்தான் சிரிப்பூட்டுகின்றன. மற்ற எல்லாரையும்போல முட்டாள்தனம் செய்யும் சுதந்திரம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது.

நான் கேட்பதும் அந்தச் சுதந்திரத்தைத்தான். பெரியவர்களுக்கான நையாண்டி அனிமேஷன் தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு மரபாக இன்னும் வேர்விடவில்லை. இனிமேல்தான் வர வேண்டும். வரும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் கட்டியங்காரனும் அதற்கு முன்னோராக இருக்கட்டும். அதை எழுதும் அறையில் பால்புதுமையர் இருக்கட்டும், கதையைச் சரிபார்த்துக் கொடுப்பவர்களாக அல்லாமல் முதல் வரியை எழுதுபவர்களாக. டப்பிங் ஸ்டூடியோவில் அவர்கள் குரல் கொடுக்கட்டும். ஸ்கிட் மேடையில் அவர்கள் எங்கள் ஊர்களின் பயங்களை, எங்கள் கல்யாணப் பேச்சுகளை, ஆம்பளை என்று நாங்கள் கட்டி வைத்திருக்கும் வீராப்பை எடுத்துக் கலாய்க்கட்டும். சகிப்பு என்பது ஒருவரைக் கூட்டத்தில் உட்கார அனுமதிப்பது. மேடையைக் கொடுத்துவிட்டு, அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் சமத்துவம். அந்தப் பயிற்சி நமக்குத்தான் தேவை, அதற்கு நாம் தயாராக வேண்டும்.